ஆக்சிஜனுக்கு ஏது இனம்?

‘வினைபுரியும் ஆக்சிஜன் இனங்கள்.’ அறிவியல் கட்டுரை, அழகுக் குறிப்பு, எதைத் திறந்தாலும் இந்தத் தொடர்தான். ஆக்சிஜனிலிருந்து உண்டாகி, மற்ற பொருள்களோடு மிக எளிதில் வினைபுரியும் மூலக்கூறு, அயனி போன்றவற்றை ஆங்கிலத்தில் ரியாக்டிவ் ஆக்சிஜன் ஸ்பீஷீஸ் என்பார்கள். அதற்கு அகராதியின் முதல் பொருளை அப்படியே எடுத்துப் போட்ட மொழிபெயர்ப்பு இது.

ஸ்பீஷீஸ் இலத்தீன் சொல். ‘பார்’ என்னும் வினையடியில் பிறந்தது. முதலில் தோற்றம், வடிவம், அப்புறம்தான் வகை. உயிரியலில் அது இனம் ஆனது, சரி. வேதியியலிலோ அணு, மூலக்கூறு, அயனி, தனி உறுப்பு (ஃப்ரீ ராடிக்கல்) எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயர்.

தமிழில் இனம் என்பது பிறப்போடு வருவது, எளிதில் மாறாதது. ஆனால் உலோக ஆக்சைடு வினையூக்கியின் மேல் நடப்பது என்ன? டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் என்னும் படிக வகையில் சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீள ஒளி பட்டால் ஒரு எலக்ட்ரான் ஆற்றல் கூடிய மேல் பட்டைக்குத் தாவும். பரப்பில் ஒட்டிய ஆக்சிஜன் அதை வாங்கிச் சூப்பர்ஆக்சைடு ஆகும். இன்னொரு எலக்ட்ரானும் இரண்டு புரோட்டான்களும் சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. சீரியம் ஆக்சைடிலோ பெராக்சைடு பிளந்து, ஆக்சைடு அயனியாகிப் படிகத்தின் காலியிடத்திலேயே உட்கார்ந்துவிடும். அதே ஆக்சிஜன்தான், எலக்ட்ரான் ஏற ஏற வடிவம் மாறுகிறது. இதற்கு இனம் என்று பெயர் வைத்தால் மாணவன் எதைப் புரிந்துகொள்வான்?

தனித்தமிழ் ஆர்வத்தில் ‘உயிர்வளி இனங்கள்’ என்றும் எழுதுகிறார்கள். உயிரும் இனமும் பக்கத்தில் நின்றால் ஏதோ புழு பூச்சியைப் பற்றிய பேச்சாகவே தோன்றும். தூய்மை எனக்கும் வேண்டும். பொருளைக் கெடுக்கும் தூய்மை வேண்டாம். ‘ஆக்சிஜன் தனி உறுப்புகள்’ என்பதோ நேரடிப் பிழை. இணை சேராத எலக்ட்ரான் இருந்தால்தான் தனி உறுப்பு. மருந்துக்கடையில் புட்டியில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் அது கிடையாது. இருந்தும் ரியாக்டிவ் ஆக்சிஜன் ஸ்பீஷீஸ் பட்டியலில் பெராக்சைடும் உண்டு.

‘வினைபுரியும்’ என்பதும் போதாது. இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் சாதாரண ஆக்சிஜனும் வினைபுரியத்தான் செய்கிறது. இங்கே சொல்லவேண்டியது வினையின் மிகுதியை.

ஆகவே, வினைமிகு ஆக்சிஜன் வடிவங்கள். வடிவம் என்றால் வட்டம், சதுரம் என்று குழப்பாதா என்பார்கள். வைரத்தையும் கிராஃபைட்டையும் கார்பனின் புறவேற்றுமை வடிவங்கள் என்று பள்ளிப் புத்தகம் சொல்கிறது, யாரும் குழம்பவில்லை. நைட்ரஜனுக்கும் இதே அச்சில் வினைமிகு நைட்ரஜன் வடிவங்கள் என்று எழுதலாம்.