சர்வர் மீண்டும் எழுந்தபோது தரவுத்தளம் காலியாக இருந்தது

மின்தடைக்குப் பின் மீண்டும் எழுந்த ஒரு லினக்ஸ் சர்வரில், தரவுத்தளம் ஒரு பதிவுகூட இல்லாமல் காலியாக இருப்பதைக் கண்டேன். உண்மையில் எதுவும் அழியவில்லை. தரவு இருந்த தனி வட்டுக்கு எந்த வட்டை எந்தக் கோப்பகத்தில் இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் 'நோஃபெயில்' (கிடைக்காவிட்டாலும் பூட் தொடரட்டும்) என்று குறித்திருந்ததால், அது மவுண்ட் ஆகும்வரை, அதாவது அதன் கோப்பகத்தில் இணையும்வரை, பூட் காத்திருக்கவில்லை. முந்திக்கொண்ட தரவுத்தளச் சேவை, வெறும் கோப்பகத்தைக் கண்டு, புதிய தரவுத்தளம் ஒன்றை அங்கேயே உருவாக்கிக்கொண்டது. அந்த நிலையில் பயனர்களை உள்ளே விட்டிருந்தால், புதிய பதிவுகள் ஓரிடத்திலும் பழையவை வேறிடத்திலும் சேர்ந்திருக்கும்.

எண்ணிட்ட ஸ்கிரிப்டுகள் வரிசையாக ஓடிய பழைய முறையைப் போலன்றி, 2010இல் வெளிவந்த, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி, வரிசை சொல்லப்படாத சேவைகளை ஒரே நேரத்தில் தொடங்கிவிடும். ஒரு சேவையின் யூனிட் கோப்பில் (அதன் அமைப்புக் கோப்பில்) 'ஆஃப்டர்' என்று மற்றொரு சேவையைக் குறித்தால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அது வரிசையை மட்டுமே சொல்லும். மற்ற சேவையைத் தொடங்கவைக்காது. 'ரிக்வயர்ஸ்', 'வான்ட்ஸ்' ஆகியவை மற்ற சேவையை அழைத்து வரும், ஆனால் அது முடியும்வரை காத்திருக்கச் சொல்லாது. ஆகவே இரண்டு வகையையும் சேர்த்தே எழுத வேண்டும். மேலே சொன்ன சிக்கலுக்கு, 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்' என்ற ஒரே வரியில் தரவுக் கோப்பகத்தின் பாதையைக் கொடுத்தது போதுமானதாக இருந்தது, ஏனெனில் அது வரிசை, தேவை இரண்டையும் சேர்த்தே அமைத்துவிடுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'சிம்பிள்' வகைச் சேவையின் புராசஸ் உருவான கணமே அது தொடங்கிவிட்டதாக சிஸ்டம்டி கருதும். கோரிக்கைகளை ஏற்கத் தயாரா என்று பார்க்காது. தயார்நிலையைத் தானே அறிவிக்கும் 'நோட்டிஃபை' வகையை அந்த மென்பொருள் ஆதரித்தால், அதையே பயன்படுத்துங்கள். 'ஸ்லீப் 30' என்று சேர்ப்பதை நான் தீர்வாகவே ஏற்பதில்லை. வட்டுச் சோதனை நீளும் நாளில் அந்த முப்பது வினாடி போதாது.

நெட்வொர்க்கிலும் இதே கதைதான்: 'நெட்வொர்க்.டார்கெட்' என்ற பூட் கட்டம், இணைப்பு கிடைத்துவிட்டதாக உறுதி தராது. அதற்கு 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்' வேண்டும், அதையும் 'வான்ட்ஸ்', 'ஆஃப்டர்' இரண்டிலும் குறிக்க வேண்டும். பூட் முடிந்த பிறகு இணைப்பு அறுந்தால் மீண்டும் முயல்வது அந்தந்தச் செயலியின் பொறுப்பு.

யூனிட் கோப்பை மாற்றியதும் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்து திருப்தி அடையாதீர்கள், அப்போது வட்டும் நெட்வொர்க்கும் ஏற்கெனவே தயாராகத்தான் இருக்கும். திட்டமிட்ட பராமரிப்பு நேரத்தில் சர்வரையே ரீபூட் செய்து, 'சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின்' கட்டளையுடன் அந்தச் சேவையின் பெயரைக் கொடுத்து, அது எவற்றுக்குப் பின் எழுந்தது என்று பாருங்கள்.