பயனிலை வேறு, வெர்ப் வேறு

அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் அவளுடைய ஆங்கில இலக்கண நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டி எழுதியிருந்தாள்: சப்ஜெக்ட் – எழுவாய், வெர்ப் – பயனிலை, ஆப்ஜெக்ட் – செயப்படுபொருள். அதன் கீழே அடிக்கோடிட்ட ஒரு வரி: "தமிழில் பயனிலை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் நடுவில் வரும்." ஸ்போக்கன் இங்கிலீஷ் வீடியோக்களில் இதே வரியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நான் படித்த காலத்தில் கரும்பலகையிலும் இதுதான் இருந்தது. எழுவாய் சரி, செயப்படுபொருளும் சரி. நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் வம்பு.

வெர்ப் என்பது லத்தீன் 'வெர்பும்' வழியாக வந்தது. அங்கே அதற்குச் 'சொல்' என்றுதான் பொருள். தமிழில் அதற்கு நேராக நிற்பது வினை. தொல்காப்பியத்தில் வினையியல் என்று தனி இயலே உண்டு. பயனிலையைப் பயன் + நிலை என்று பிரிக்க வேண்டும். (பயன் + இலை என்று பிரித்து, 'பயன் இல்லாதது' எனப் பரீட்சையில் பொருள் எழுதிய ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். நானேதான்.) எழுவாய் எதைக் கொண்டு முடிகிறதோ அது பயனிலை. சொற்பிறப்புக் கதை இவ்வளவுதான்.

வினை என்பது ஒரு சொல்லின் சாதி. பயனிலை என்பது வாக்கியத்துக்குள் அந்தச் சொல் பார்க்கும் உத்தியோகம். அந்த உத்தியோகத்துக்கு வினைதான் வரவேண்டும் என்று தமிழ் ஒருநாளும் சொன்னதில்லை. வினை, பெயர், வினா மூன்றும் எழுவாய்க்குப் பயனிலையாக வரும் என்கிறது 13ஆம் நூற்றாண்டு நன்னூல். சாத்தன் வந்தான், சாத்தன் இவன், சாத்தன் யார் – மூன்றும் முழு வாக்கியங்கள். தொல்காப்பியர் இதையே ஆறு வகையாக விரிக்கிறார். 'பெயர்ப்பயனிலை' என்ற சொல்லைத் தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்துவிட்டு, ஆங்கில வகுப்புக்குப் போனதும் பயனிலை என்றால் வெர்ப் என்று எழுதுகிறோம். இரண்டு பீரியடுக்கு நடுவில் ஒரு மணி அடித்தால் இலக்கணம் மாறிவிடுமா?

'ஹீ இஸ் எ டீச்சர்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டத்தின்படி 'இஸ்' பயனிலை. இதைத் தமிழில் சொன்னால் 'அவர் ஆசிரியர்'. இதில் பயனிலை எது? ஆசிரியர். ஆங்கிலத்தில் வெர்பாக நின்றதற்கு இங்கே இடமே இல்லை; 'எ டீச்சர்' நின்ற இடம்தான் நம் பயனிலை. அதாவது ஆங்கிலத்தார் காம்ப்ளிமென்ட் என்று சொல்லும் உறுப்பு. அடுத்த வாக்கியம் 'ஹீ கேம்' என்றிருந்தால் பயனிலை மறுபடி வெர்பிடம் போய்விடும். ஆளுக்கு ஆள் கைமாறும் ஒன்றை ஒரே ஆளின் பெயராகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை என்ன செய்யும்? தமிழ் வாக்கியத்தில் பயனிலையைத் தேடும், 'ஆசிரியர்' கிடைக்கும், வேலை முடிந்தது என்று 'ஹீ டீச்சர்' என்று எழுதும். 'இஸ்' எங்கே என்று நாம் தலையில் குட்டுவோம்.

பயனிலைக் கட்சிக்காரர்களிடம் ஒரு நல்ல வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. எழுவாய், செயப்படுபொருள் இரண்டும் உத்தியோகப் பெயர்கள். நடுவில் வினை என்று சாதிப் பெயரை வைத்தால் வரிசை கெடுகிறதே என்பார்கள். கெடுகிறதுதான். ஆனால் அந்தக் கோளாறு ஆங்கிலத்திலேயே இருக்கிறது. 1985இல் மொழியியலாளர் ராண்டால்ஃப் குவர்க்கும் கூட்டாளிகள் மூவரும் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணத்தில் அடிப்படை வாக்கிய அமைப்புகள் ஏழு: எஸ்-வி, எஸ்-வி-ஓ, எஸ்-வி-சி, எஸ்-வி-ஏ, எஸ்-வி-ஓ-ஓ, எஸ்-வி-ஓ-சி, எஸ்-வி-ஓ-ஏ. இதில் எஸ் (சப்ஜெக்ட்), ஓ (ஆப்ஜெக்ட்), சி (காம்ப்ளிமென்ட்), ஏ (அட்வெர்பியல்: எங்கே, எப்போது, எப்படி என்று சொல்லும் உறுப்பு) நான்கும் உத்தியோகம். வி (வெர்ப்) மட்டும் சாதி. அவர்கள் வெர்ப் என்றே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும்போது, நாம் ஏன் இன்னொரு வீட்டுப் பெயரை எடுத்து ஒட்ட வேண்டும்? 'வினை' போதும். உறுப்பு என்று காட்டியே ஆகவேண்டுமென்றால் 'வினைக்கூறு' என்று வைத்துக்கொள்ளலாம். சிலர் 'வினைப்பயனிலை' என்று பாதி வழி வருகிறார்கள். 'கேம்' என்பதற்கு அது பொருந்தும். வெறும் 'இஸ்' என்ன பயனை நிலைநிறுத்துகிறது?

சி என்ற எழுத்துக்கு, அதாவது காம்ப்ளிமென்ட்டுக்கு, நடப்பது இன்னும் கொடுமை. லத்தீனில் 'நிரப்புதல்' என்ற பொருளில் பிறந்த சொல் அது. தமிழில் 'நிரப்பி' என்றால் அழகாக உட்காரும். ஒரு கையேட்டில் 'பாராட்டு' என்றே அச்சாகியிருக்கக் கண்டேன். ஓரெழுத்து மாறிய மற்றொரு காம்ப்ளிமென்ட்டைப் பார்த்துவிட்டார்கள்! பலர் அந்தத் தொல்லையே வேண்டாம் என்று நிரப்பியையும் செயப்படுபொருள் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். 'ஹீ மெட் எ டாக்டர்', 'ஹீ பிகேம் எ டாக்டர்' இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே சாயல்தான். தமிழில் சொல்லிப் பாருங்கள். 'மருத்துவரைச் சந்தித்தான்' என்கிறோம், 'மருத்துவரை ஆனான்' என்று யாராவது சொல்வோமா? இரண்டாம் வேற்றுமை உருபு வாசலிலேயே நின்று ஆளை அடையாளம் காட்டுகிறது. இப்படி ஒரு காவலாளியைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புகிறோம்.

இந்தக் கட்டத்தைப் படித்து வளர்ந்தவர்கள்தான் பிறகு மொழிபெயர்க்க வருகிறார்கள். வெர்ப் இல்லாவிட்டால் பயனிலை இல்லை, பயனிலை இல்லாவிட்டால் வாக்கியம் இல்லை என்ற பயம் அவர்களுக்கு. அதனால் 'அவர் ஒரு ஆசிரியராக இருக்கிறார்', 'இது ஒரு முக்கியமான கேள்வியாக இருக்கிறது', 'சென்னை தமிழகத்தின் தலைநகரமாக உள்ளது' என்று எழுதித் தள்ளுகிறார்கள். நேற்று வேறு ஏதாவது ஊர் தலைநகரமாக இருந்ததா? 'சென்னை தமிழகத்தின் தலைநகரம்' என்று முற்றுப்புள்ளி வைக்க ஏன் கை நடுங்குகிறது?

சரி, நோட்டுக்கு வருகிறேன். பயனிலை என்று இருந்த இடத்தில் வினை என்று திருத்தச் சொன்னேன். "டெஸ்டில் இப்படி எழுதினால் மார்க் போயிடுமே மாமா?" என்றாள். பென்சிலால் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.