‘என்’ சேர்த்த ஸ்டர்காப்பி பாதுகாப்பானது அன்று

இரண்டு மாதங்களுக்குள் இதே பிழையை மூன்றாவது முறையாகப் பார்த்துவிட்டேன். பிறர் சி மொழியில் எழுதிய நிரல்களைச் சோதித்து அறிக்கை தருவது என் தொழில். சென்ற வாரம் வந்தது, பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயரைத் தமிழில் காட்டும் அறிவிப்புப் பலகைக்கான நிரல். கோவை, ஈரோடு, மதுரை என்று எழுதியபோதெல்லாம் சரியாக ஓடிய பலகை, சென்னைக்குச் செல்லும் பேருந்து வந்ததும் ‘சென்ன’ என்று காட்டி, அடுத்து ஓர் உடைந்த குறியையும், அதை ஒட்டியே 119 என்ற வழித்தட எண்ணையும் காட்டியது. பலகையின் திரையில்தான் கோளாறு என்று நினைத்து, திரையையே ஒருமுறை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

நிரலில் ஊர்ப்பெயருக்கு 16 பைட் ஒதுக்கியிருந்தார்கள். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் (எழுத்து, துணைக்குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறியீடு) 3 பைட் எடுக்கும். ‘மதுரை’ என்பதில் 5 குறியீடுகள் இருப்பதால் அதற்கு 15 பைட் போக, ஸ்ட்ரிங்கின், அதாவது எழுத்துத் தொடரின், முடிவைக் காட்டும் சுழியத்துக்குச் சரியாக ஒரு பைட் மிஞ்சும். ‘சென்னை’ என்பதில் 6 குறியீடுகள், அதாவது 18 பைட். முதல் 16 பைட்டை மட்டும் நகலெடுத்த ஃபங்ஷன் (செயற்கூறு), கடைசிக் குறியீட்டின் முதல் பைட்டோடு நின்றுவிட்டது. முடிவுச் சுழியத்தை எழுத இடமில்லாததால் எழுதவே இல்லை. திரையில் அச்சிடும் ஃபங்ஷனோ சுழியம் கிடைக்கும்வரை படித்துக்கொண்டே போகும் என்பதால், அடுத்த இடத்தில் இருந்த வழித்தட எண்ணையும் ஊர்ப்பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொண்டது. அடுத்து இருந்தது ஒரு கடவுச்சொல்லாக இருந்திருந்தால் அதையும் பேருந்து நிலையத்தின் நடுவே காட்டியிருக்கும்.

இதில் என்னை மிகவும் வருத்துவது பிழை அன்று, அது வந்த வழி. அந்த நிரலில் முதலில், அளவு பார்க்காமல் ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் ஸ்டர்காப்பி இருந்தது. அது ஆபத்தானது என்று யாரோ சொல்ல, அதை எடுத்துவிட்டு, எத்தனை பைட் என்ற அளவையும் கேட்கும் ஸ்டர்-என்-காப்பியைப் போட்டிருக்கிறார்கள். நிரலை இயங்கும் வடிவத்துக்குத் தொகுக்கும் ஜிசிசி கம்பைலர் உடனே எச்சரித்தது: நீங்கள் கொடுத்த அளவு, சேருமிடத்தின் அளவுக்குச் சமமாக இருக்கிறது என்று. 2018-இல் வந்த ஜிசிசி 8 முதல் இந்த எச்சரிக்கை உண்டு. அதைப் படித்துத் திருத்துவதற்குப் பதிலாக, தொகுப்புக் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில் ஒரு வரி சேர்த்து அந்த வகை எச்சரிக்கையையே அடைத்துவிட்டார்கள்.

ஸ்டர்-என்-காப்பி என்பது ஸ்டர்காப்பியின் பாதுகாப்பான வடிவம் என்ற நம்பிக்கை, பாடப் புத்தகத்திலிருந்து அலுவலகம்வரை தொடர்கிறது, அது தவறு. பழைய யூனிக்ஸ் இயங்குதளத்தில், கோப்புப் பெயர்களின் பட்டியலான கோப்பகத்தில் ஒரு பதிவுக்கு 16 பைட். அதில் கோப்பின் எண்ணுக்கு 2, பெயருக்கு 14. பெயர் சரியாக 14 எழுத்து இருந்தால் சுழியம் இராது, குறைவாக இருந்தால் மீதியெல்லாம் சுழியம். அப்படிப்பட்ட, அகலம் மாறாத பெட்டிகளை நிரப்பத்தான் இந்த ஃபங்ஷன் பொருத்தமானது. மூன்றாவதாக நாம் தரும் எண், பெட்டியின் அகலம். ஸ்ட்ரிங்கைச் சுழியத்தோடு முடித்துத் தருகிறேன் என்ற உறுதிமொழி அதில் எங்குமே இல்லை. நகலெடுக்கப்படும் ஸ்ட்ரிங் குறுகியதாக இருக்கும்வரை எல்லாம் சரியாகத் தெரியும், நீண்டதாக வரும் நாளில்தான் அம்பலமாகும். கடைசி பைட்டில் நீங்களே சுழியம் எழுதிவிட்டால் அந்த ஆபத்து நீங்கும் என்றாலும், அதை நினைவில் வைத்திருக்க வேண்டிய பொறுப்பு ஒவ்வொரு இடத்திலும் உங்களுடையதாகிவிடும்.

உள்ளீட்டில் வரும் வரியை அளவு பார்க்காமல் படிக்கும் கெட்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மோரிஸ் புழு என்ற தீநிரல் நுழைந்த வழிகளில் ஒன்று, பயனர் விவரம் தரும் ஃபிங்கர் சேவையின் 512 பைட் இடத்தை இந்த கெட்ஸ் மூலம் நிரப்பி வழியவிட்டதுதான். 2011-ஆம் ஆண்டின் சி தரநிலை அதை அடியோடு நீக்கிவிட்டது. ஆனாலும் டர்போ சி என்ற பழைய கம்பைலரை வைத்திருக்கும் கல்லூரி ஆய்வகங்களில் பழகிய மாணவர்களிடம் இன்றும் கெட்ஸ் வருகிறது. ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள்: இடத்தின் அளவையும் கேட்டு வாங்கும் எஃப்கெட்ஸை முதல் நாளிலேயே கற்றுக்கொடுங்கள், அது வரியிறுதிக் குறியையும் சேர்த்தே தரும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

“எச்சரிக்கைதானே, பிழை இல்லையே” என்று என்னிடம் சொல்லாதீர்கள். அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்தால் பல ஆண்டுகளாக ஜிசிசி எச்சரிக்கை மட்டுமே தந்தது. அந்த ஃபங்ஷன் உண்மையில் பாயிண்டரை, அதாவது நினைவக முகவரியை, திருப்பித் தருவதாக இருந்தால், அது முழு எண்ணைத்தான் தருகிறது என்று கம்பைலர் எண்ணிக்கொள்ளும். 64 பிட் கணினியில் முகவரியின் பாதி தொலைந்துபோகும். 1999-ஆம் ஆண்டின் தரநிலையே இவ்வழக்கத்தைக் கைவிட்டும், 2024-இல் வந்த ஜிசிசி 14-தான் இதை முழுப் பிழையாக மாற்றியது. இடைப்பட்ட 25 ஆண்டுகளும் எச்சரிக்கை சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது.

ஆகவே, எச்சரிக்கைகளை இயக்கும் கம்பைலர் தெரிவான டபிள்யூ-ஆல் என்ற பெயரில் ‘எல்லாம்’ இருக்கிறதே என்று நம்பி நின்றுவிடாமல், டபிள்யூ-எக்ஸ்ட்ராவையும் சேருங்கள். சில எச்சரிக்கைகள் ஓ2 போன்ற மேம்படுத்தலோடு தொகுத்தால்தான் வரும் என்பதால் அப்படியும் ஒருமுறை தொகுத்துப் பாருங்கள். புதிய நிரல் என்றால் முதல் நாளிலிருந்தே எச்சரிக்கைகளைப் பிழையாகக் கருதும் அமைப்பை வையுங்கள். நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை குவிந்த பழைய நிரல் என்றால் கோப்புக் கோப்பாகக் குறையுங்கள், மொத்தமாக வாயை அடைக்காதீர்கள். எச்சரிக்கையை நிறுத்தவென்று பாயிண்டரை வேறு வகைக்கு மாற்றி எழுதுவதும் அதே குற்றம்தான். சோதனைக்கான தொகுப்பில், நினைவக எல்லை மீறலை நிரல் ஓடும்போதே பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரை இயக்கிவிடுங்கள்.

ஸ்ட்ரிங்கை நகலெடுக்க எஸ்என்பிரிண்ட்எஃப் போதும்; அது எப்போதும் சுழியத்தோடு முடிக்கும். 2023-இல் வந்த கிளிப்சி 2.38 என்ற சி நூலகப் பதிப்பு முதல் லினக்ஸில், அதேபோல் சுழியத்தோடு முடிக்கும் ஸ்டர்-எல்-காப்பியும் கிடைக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் அது திருப்பித் தரும் எண்ணை, அதாவது வெட்டாமல் எழுதியிருந்தால் ஆகியிருக்கும் நீளத்தை, பாருங்கள். பலகையின் நிரலில் எஸ்என்பிரிண்ட்எஃப்பை மட்டும் போட்டிருந்தால் உடைந்த குறியும் 119-உம் போயிருக்கும், ஆனால் 15 பைட்டோடு வெட்டுப்பட்டு ‘சென்ன’ என்றே நின்றிருக்கும். திரும்பி வந்த 18 என்ற எண், கொடுத்த 16-ஐவிடக் குறையவில்லை என்பதைக் கவனித்தால்தான் பெயர் வெட்டுப்பட்டது தெரியும். சோதனைக்கும் மதுரையோடு நிறுத்தாமல் ‘திருச்சிராப்பள்ளி’ என்று கொடுத்துப் பாருங்கள். அதற்கு மட்டும் சுழியம் நீங்கலாக 51 பைட் வேண்டும்.