வாட்டம் இல்லாத நிலத்தில் ஒரு ஊர்

லேடெ கிராமத்துக்குத் தபால் படகில் வருகிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, மஞ்சள் நிறத் தட்டைப் படகு ஒன்று கடிதங்களையும் பார்சல்களையும் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலாகச் சுற்றும். வீடுகளின் தபால் பெட்டிகள் தெருவைப் பார்த்து இல்லை. கரையில் தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன. 1897 முதல் இதுதான் வழக்கம். வேடிக்கைக்காக யாரும் இப்படி ஏற்பாடு செய்யவில்லை. 1929 வரை அந்த ஊருக்குச் சாலையே கிடையாது. கல்யாணப் பெண்ணும் படகில்தான் வந்தாள், கறவை மாடும் படகில்தான் வந்தது, சவப்பெட்டியும் படகில்தான் போனது.

கிழக்கு ஜெர்மனியில், பெர்லினுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் லூபெனாவ் என்ற சிறு நகரம் இருக்கிறது. லேடெ அதை ஒட்டிய ஊர். இன்று நகரத்தின் ஒரு பகுதி. மக்கள்தொகை சுமார் 150. ஆவணங்களில் அதன் பெயர் 1315இலேயே வந்துவிட்டது. ஊரைச் சுற்றியுள்ள நீர்க்காட்டுக்கு ஷ்ப்ரேவால்ட் என்று பெயர். ஷ்ப்ரே என்பது பெர்லின் நகரத்துக்கு நடுவே ஓடும் அதே ஆறு. பெர்லினில் ஒரே ஆறாக, கட்டிய கரைகளுக்கு நடுவே போகிறது. இங்கே மட்டும் ஏன் நூற்றுக்கணக்கான ஓடைகளாகச் சிதறிக் கிடக்கிறது?

வீடு கட்டும்போது கொத்தனார் தரைக்கு வாட்டம், அதாவது லேசான சரிவு, வைப்பார். வாட்டம் சரியாக இல்லையென்றால் ஊற்றிய தண்ணீர் போக வழி தெரியாமல் நாலாபக்கமும் பரவி நிற்கும். ஷ்ப்ரேவால்ட் முழுவதும் வாட்டம் வைக்காத தரை. அந்தத் தரையைப் போட்டது பனிக்கட்டி.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தில், ஸ்காண்டிநேவியாவிலிருந்து இறங்கிய பனிப்பாளம் இந்த இடத்துக்குச் சற்று வடக்கே வந்து நின்றது. அது உருகிய தண்ணீர் வடக்கே போக முடியாது, பனிச்சுவர் மறிக்கிறது. தெற்கே நிலம் மேடு. ஆகவே பனியின் விளிம்பை ஒட்டியே மேற்கு நோக்கி ஓடியது. அந்தப் பெருவெள்ளம் பல கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளத்தாக்கை அரித்து, அடியில் மணலை நிரவிவிட்டுப் போனது. பிறகு பனி பின்வாங்கியது, வெள்ளம் நின்றது, பள்ளத்தாக்கு மட்டும் மிஞ்சியது. தெற்கே மேட்டு நிலத்தில் பிறந்து வரும் ஷ்ப்ரே, அளவில் சின்ன ஆறு. தனக்கென்று தோண்டாத, தனக்குப் பொருந்தாத அகலமான அந்தத் தொட்டிக்குள் வந்து விழுகிறது.

சமதளத்தில் ஆறு வேகம் இழக்கும். வேகம் இழந்த தண்ணீரால் மணலைச் சுமக்க முடியாது, கீழே போட்டுவிடும். போட்ட மணல் அதன் வழியையே அடைக்கும். அடைத்த இடத்தில் தண்ணீர் பக்கவாட்டில் உடைத்துக்கொண்டு புதுவழி தேடும். அங்கேயும் கொஞ்ச நாளில் இதே கதை. ஒரு மரம் குறுக்கே சாய்ந்தால் போதும், நாணல் கொஞ்சம் அடர்ந்தால் போதும், இன்னொரு கிளை பிரியும். கடலோரத்தில் டெல்டா உருவாவதும் இப்படித்தான். இங்கே கடல் இல்லாமலே உருவாகியிருக்கிறது. மனிதர்கள் வெட்டிய வாய்க்கால்களையும் சேர்த்தால், இப்பகுதியின் நீர்வழிகள் மொத்தம் சுமார் 1,500 கிலோமீட்டர்.

இவ்வளவு ஈரத்தில் வீடு எங்கே கட்டுவது? ஆறு போட்டுவிட்டுப் போன மணல், அங்கங்கே திட்டுத் திட்டாகத் தண்ணீருக்கு மேலே தலைகாட்டும். அவற்றுக்குக் ‘கௌப்பெ’ என்று பெயர். இது ஜெர்மன் சொல் அல்ல. சோர்ப் என்னும் ஸ்லாவிய மக்களின் மொழியிலிருந்து வந்தது. இந்தச் சதுப்பில் நெடுங்காலமாக வாழ்கிறவர்கள் அவர்கள். ஜெர்மானியர்கள் ‘ஷ்ப்ரே காடு’ என்று அழைக்கும் இந்த இடத்தை அவர்கள் ‘ப்வோட்டா’, அதாவது சதுப்புகள், என்கிறார்கள். இரண்டில் இந்தப் பெயர்தான் நிலத்தை உள்ளபடி சொல்கிறது என்பேன். இன்றும் ஊர்ப்பலகைகளில் இரண்டு மொழிகளும் இருக்கின்றன.

ஒரு திட்டுக்கு ஒரு குடும்பம். மரக்கட்டைகளை அடுக்கிய சுவர், நாணல் வேய்ந்த கூரை, கூரை முகட்டில் குறுக்காக வைத்த இரண்டு பாம்புத் தலைகள். நல்லது செய்யும் பாம்பு வீட்டைக் காக்கும் என்பது நம்பிக்கை. வயலில் போர் போடுவதற்கும் தனி முறை உண்டு. நடுவில் ஒரு கம்பத்தை நட்டு, அடியில் கட்டையும் சுள்ளியும் பரப்பி மேடை போடுவார்கள். காய்ந்த புல்லை அதன்மேல் கம்பத்தைச் சுற்றி மிதித்து மிதித்து ஏற்றி, உச்சியைக் கூம்பாக முடிப்பார்கள். மழை வழிந்துவிடும்; வெள்ளம் வந்தாலும் மேடைக்கு அடியில் போய்விடும்.

படகும் இந்த ஆழத்துக்கென்றே செய்தது. அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் பாரம் பரவலாக விழுகிறது, படகு கொஞ்சமே அமிழ்கிறது. குறுகிய ஓடையில் இருபுறமும் துடுப்பு வீச இடமில்லை. ஆனால் ஆழம் குறைவு, கழி தரையைத் தொடும். படகோட்டி பின்முனையில் நின்று ஏறக்குறைய நான்கு மீட்டர் நீளக் கழியை ஊன்றித் தள்ளுவார். தள்ளிய கழியைச் சட்டென்று எடுத்துவிடாமல் பின்னால் இழையவிட்டால் அதுவே சுக்கான்.

லேடெயை வெனிஸோடு ஒப்பிடுவது பழைய வழக்கம். எனக்கு அது அவ்வளவு பொருத்தமாகத் தெரியவில்லை. வெனிஸுக்குக் கடல் இருக்கிறது. லேடெக்கு மேலேயிருந்து வரும் ஆறு மட்டும்தான். அந்த ஆற்றின் கணக்குத்தான் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது.

ஷ்ப்ரே இங்கே வந்து சேரும் முன் லவுசிட்ஸ் பகுதியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களைக் கடந்து வருகிறது. திறந்த குழிச் சுரங்கத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். குழி காய வேண்டுமானால் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக இப்படி இறைத்தது சுமார் 58 பில்லியன் கன மீட்டர். அதில் பெரும்பங்கு ஆற்றில் விழுந்தது. அதாவது இயற்கை தந்ததைவிட அதிகத் தண்ணீரோடு ஷ்ப்ரே பல தலைமுறைகளாக ஓடியிருக்கிறது. நாம் பார்த்து ரசிக்கும் ஓடைகளில் ஒரு பகுதி பம்புத் தண்ணீர்.

ஜெர்மனியின் சட்டப்படி நிலக்கரி 2038க்குள் முடிவுக்கு வர வேண்டும். காற்றுக்கும் காலநிலைக்கும் அது நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பம்புகள் நின்றால் ஆறு மெலியும். அதோடு, வறண்டுபோன மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். கைவிட்ட குழிகளை ஏரிகளாக நிரப்பவும் ஆற்று நீர் வேண்டும். நிரம்பிய ஏரிகளிலிருந்து கோடையில் நீர் ஆவியாகும். கோடை மாதங்களில் சில இடங்களில் ஷ்ப்ரேயின் நீர் 75 சதவீதம் வரை குறையலாம் என்று ஜெர்மன் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமை 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

இன்னொரு தொல்லை நிறத்தில் தெரிகிறது. இப்பகுதி மண்ணில் பைரைட் என்னும் இரும்பு–கந்தகக் கனிமம் இருக்கிறது. நீருக்கு அடியில் இருக்கும்வரை அது சாதுவாகக் கிடக்கும். நீரை இறைத்ததும் மண்ணுக்குள் காற்று புகுந்து, பைரைட் சிதைந்து, கரையும் இரும்பாகவும் சல்ஃபேட்டாகவும் மாறுகிறது. சுரங்கம் மூடி நிலத்தடி நீர் திரும்ப ஏறும்போது அந்த இரும்பையும் கரைத்துக்கொண்டு ஓடையில் கசிகிறது. அங்கே ஆக்சிஜன் பட்டதும் துருவாகிறது. தண்ணீர் காவி நிறமாகிறது, துரு அடியில் சேறாகப் படிகிறது, மீன்முட்டையும் பூச்சிகளும் அதில் புதைகின்றன. காட்புஸ் நகரத்துக்கு மேலே உள்ள ஷ்ப்ரெம்பெர்க் நீர்த்தேக்கத்தில் அந்தச் சேற்றின் பெரும்பகுதி தங்கிவிடுவதால்தான் லேடெ இதுவரை பெரும்பாலும் தப்பித்திருக்கிறது.

வறண்ட ஆண்டுகளில் மேலே பாவுட்சென் நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் திறந்துவிட்டு ஆற்றைத் தாங்கிப்பிடிக்கிறார்கள். எல்பே ஆற்றிலிருந்து நீர் கொண்டுவரும் யோசனையும் பேச்சில் இருக்கிறது. உள்ளூரில் கைகொடுப்பது மதகுகள். வாட்டம் இல்லாத நிலம் என்பதால், ஒரு மதகை ஒரு சாண் உயர்த்தினாலே அதற்கு மேலே நெடுந்தூரத்துக்கு நீர்மட்டம் நிற்கும். ஆனால் மட்டம் வேறு, ஓட்டம் வேறு. வரத்து குறைந்து மதகுகள் மூடியே கிடந்தால் தண்ணீர் தேங்கிச் சூடாகும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், பாசி பெருகும். அப்போதும் தபால் படகு மிதந்து போகும். அதன் அடியில் மீன்கள் மூச்சுக்குத் திணறும்.