கட்டைவிரல் அகலத்தில் வரும் கார்

ஒரு கையை முன்னால் நேராக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைப் பாருங்கள். அந்த விரல் உங்கள் பார்வையில் ஏறத்தாழ 2 பாகை அகலத்தை மறைக்கிறது. 50 மீற்றர் தூரத்தில் எதிரே வரும் ஒரு காரின் அகலமும் அவ்வளவுதான். 100 மீற்றரில் அதே கார் சுண்டுவிரல் அளவுக்கு ஒடுங்கிவிடும். திருகோணமலையின் நிலாவெளி வீதியில், ஓரமாக நின்று, இதை நான் பல தடவை செய்து பார்த்திருக்கிறேன்.

செய்து பார்க்க ஒரு காரணம் இருந்தது. உப்புவெளியில் ஒரு மம்மல் பொழுது, கடையில் பாண் வாங்கிக்கொண்டு வீதியைக் கடந்தேன். வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன், மறுபடியும் வலப்பக்கம் பார்த்தேன். இடப்பக்கம் தூரத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. நேரம் இருக்கிறது என்று காலை வைத்தேன். நடுவீதியைத் தாண்டியதும் பிரேக் சத்தம். மோட்டார் சைக்கிள் என் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. "அண்ணை, பாத்து வரமாட்டீங்களா?" என்றான் அந்தப் பொடியன். "தம்பி, கொஞ்சம் மெல்ல வரக்கூடாதா?" என்றேன் நான். இரண்டு பேருக்கும் கை நடுங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் பார்க்காமல் கடக்கவில்லை. அந்த வெளிச்சத்தைக் கண்ட பிறகுதான் கடந்தேன். அடிபட்டிருந்தால் 'பாதசாரியின் கவனயீனம்' என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். கண்டும் ஏன் விளங்கவில்லை என்பதற்கு அந்த வரியில் பதில் இல்லை. பதில் கண்ணுக்குள் இருக்கிறது.

பக்கவாட்டில் ஓடும் வண்டியின் வேகத்தைக் கணிப்பது நமக்குச் சுலபம். பின்னால் மரமும் மதிலும் நிற்க, வண்டி அவற்றைக் கடந்து போவது தெரிகிறது. நம்மை நோக்கி நேராக வரும் வண்டி அப்படி இடம் மாறுவதில்லை. அது செய்வதெல்லாம் ஒன்றுதான்: பெரிதாகிக்கொண்டு வருகிறது. எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் அது நம்மிடம் வந்துசேர எத்தனை செக்கன் இருக்கிறது என்பதை மூளை கணிக்க முடியும். பொருளின் கோண அகலத்தை, அதாவது அது நம் பார்வையில் எத்தனை பாகையை மறைக்கிறது என்பதை, அந்த அகலம் வளரும் வேகத்தால் வகுத்தால் மோதலுக்கு மீதியிருக்கும் நேரம் கிடைத்துவிடும் என்று டேவிட் லீ என்ற உளவியலாளர் 1976இல் விளக்கினார். தூரமும் தெரியவேண்டாம், வேகமும் தெரியவேண்டாம். அழகான கணக்கு.

ஆனால் அந்த வளர்ச்சி சீராக நடப்பதில்லை. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் 100 மீற்றரிலிருந்து 50 மீற்றருக்கு வர 3.6 செக்கன் எடுக்கும். அந்த நேரத்தில் சுண்டுவிரல் கட்டைவிரலாகிறது, அவ்வளவே. அடுத்த 1.8 செக்கனில் இரண்டு கட்டைவிரல். அதற்கடுத்த 0.9 செக்கனில் நான்கு. முதலில் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும், பிறகு திடீரென்று மேலே வந்து விழும். "எங்கிருந்து வந்தான் என்றே தெரியவில்லை" என்று அடிபட்டவர்கள் சொல்வது பொய்யில்லை.

இன்னொன்றும் உண்டு. வளர்ச்சி ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் கண் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆய்வுகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எல்லை, செக்கனுக்கு ஏறத்தாழ 0.003 ரேடியன், அதாவது 0.17 பாகை. முழுநிலவின் அகலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு செக்கனில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவாவது பெரிதானால்தான் 'இது என்னை நோக்கி வருகிறது' என்று கண் உணரும்.

இதை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 கி.மீ. வேகத்தில், 1.7 மீற்றர் அகலமான கார் வருகிறது என்பதைக் கண் ஏறத்தாழ 89 மீற்றரில் உணரும். அது வந்துசேர 6 செக்கனுக்கு மேல் இருக்கிறது. 0.7 மீற்றர் அகலமான மோட்டார் சைக்கிள் என்றால் 57 மீற்றர், 4 செக்கன். இருட்டில் மோட்டார் சைக்கிளின் உருவம் தெரியாது, விளக்கு மட்டும்தான் தெரியும். விளக்கின் அகலம் 15 சென்ரிமீற்றர் என்று வைத்தால் 26 மீற்றர். வந்துசேர 2 செக்கன்கூட இல்லை.

இரண்டு வழி வீதியின் அகலம் ஏறத்தாழ 7 மீற்றர். வீதிப் பொறியியலாளர்கள் பாதசாரியின் நடைவேகத்தைச் செக்கனுக்கு 1.2 மீற்றர் என்று எடுப்பார்கள். கடக்க 6 செக்கன். வயதானவர் 0.9 மீற்றர் வேகத்தில் நடந்தால் 8 செக்கன். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. காருக்கு மட்டுமட்டாகச் சரிவரும். மோட்டார் சைக்கிளுக்குக் காணாது. இரவில் ஒற்றை விளக்குக்குக் கிட்டவும் வராது. அன்றைக்கு நான் கண்டது தூரத்தில் நின்ற வெளிச்சம் இல்லை. தூரத்தில் நிற்பதுபோல என் கண் காட்டிய வெளிச்சம். சிறிய வண்டி பிந்தி வரும், பெரிய வண்டி முந்தி வரும் என்று மூளை பிழையாகக் கணிப்பதும் சோதனைகளில் காணப்பட்ட உண்மை.

வேகம் கூடினால் நிலைமை இன்னும் மோசம். 80 கி.மீ. வேகத்தில் மோட்டார் சைக்கிள் வந்தால் கண் சற்று முந்தி, 72 மீற்றரிலேயே உணர்ந்துவிடும். ஆனால் அந்தத் தூரத்தை வண்டி 3.2 செக்கனில் விழுங்கிவிடும். வேகமாக வருபவருக்குத்தான் நம் கண் குறைந்த நேர எச்சரிக்கை தருகிறது.

பிள்ளைகளுக்கு இந்த உணர்வு பெரியவர்கள் அளவுக்கு வளர்ந்திருப்பதில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் ரோயல் ஹொலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகள், மணிக்கு 32 கி.மீ. அளவுக்கு மேல் வரும் கார் நெருங்குகிறது என்பதை நம்பகமாகக் கண்டுகொள்ளவில்லை. அது 5 செக்கன் தூரத்தில்தான் இருந்தது. ஆகவே "பாத்துக் கட மகனே" என்று சொல்லி அனுப்பினால் போதாது. அவன் பார்ப்பான். அவனுக்குத் தெரியாது.

தலையைத் திருப்பிப் பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று உங்கள் இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாறிமாறிப் பாருங்கள். கண்மணி அசைவதை நீங்கள் ஒருபோதும் காணமாட்டீர்கள். கண் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும்போது மூளை அந்தக் கணத்துக் காட்சியை அடக்கிவிடுகிறது. வலம், இடம் என்று வெடுக்கென்று தலையைத் திருப்பினால், அந்தத் தாவலுக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் முழுதாக ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கணம் பார்வையை நிறுத்த வேண்டும்.

சரி, வண்டிக்காரர் பக்கம் வருவோம். ஒருவர் வீதிக்கு இறங்குவதைக் கண்டு, விளங்கி, காலை பிரேக்கில் வைக்கச் சாதாரணமாக 1.5 செக்கன் போகும். 50 கி.மீ. வேகத்தில் அதற்குள்ளேயே கார் 21 மீற்றர் ஓடியிருக்கும். உலர்ந்த வீதியில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 14 மீற்றர். மொத்தம் 35. நம் இலங்கையில் குடியிருப்புப் பகுதிகளில் கார்களுக்கு எல்லை 50தான். அதே இடத்தில் இன்னொருவர் 60இல் வருகிறார் என்று வையுங்கள். முதல் கார் நின்ற அதே புள்ளியில் இரண்டாவது காரின் வேகம் இன்னும் மணிக்கு 43 கி.மீ. இருக்கும். பத்தே பத்துக் கிலோமீற்றர்தான் கூடுதல். ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார், மற்றவர் ஆளை அடித்துவிடுகிறார். சராசரி வேகம் 1 வீதம் கூடினால் மரண விபத்தின் ஆபத்து 4 வீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்குப் பின்னால் இப்படியான கணக்குகள்தான் இருக்கின்றன. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11.9 இலட்சம் பேர் வீதியில் இறக்கிறார்கள். அவர்களில் ஐந்தில் ஒருவர் நடந்துபோனவர்.

இரவில் கதை வேறு. கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அங்கே மேயும் புள்ளிமான்களைத் தெரியும். அவை நகரத்துத் தெருக்களுக்கும் வரும். ஹெட்லைட் பட்டால் மானின் கண் இரண்டு நெருப்புப் பொட்டுப்போல மின்னும். அதன் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒரு படலம் இருந்து, வந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. மாட்டுக்கும் பூனைக்கும்கூட அது உண்டு. மனிதருக்கு இல்லை. விடியமுன் கடலுக்குப் போகிற ஒருவர், கடும்நிறச் சாரமும் சட்டையுமாக வீதியோரம் நடந்தால், தாழ்த்திய ஹெட்லைட்டில் 30 மீற்றர் அளவுக்குக் கிட்ட வந்த பிறகே அவர் தெரியத் தொடங்குவார். நிற்கத் தேவை 35 மீற்றர் என்று இப்போதுதான் பார்த்தோம்.

நடப்பவருக்கோ வண்டியின் விளக்கு அரைக் கிலோமீற்றரிலேயே தெரிகிறது. எனக்கு அவரைத் தெரிகிறதே, அவருக்கும் என்னைத் தெரியும்தானே என்று மனம் நினைத்துக்கொள்கிறது. பாதசாரிகள் தாங்கள் தெரியும் தூரத்தை இப்படி மிகைப்படுத்தி நினைக்கிறார்கள் என்பது 1970இலேயே அளந்து காட்டப்பட்டது. எனக்குத் தெரிந்தவரை இரவு நடைக்கு இதைவிட ஆபத்தான நம்பிக்கை இல்லை. இடப்பக்கம் ஓடும் நாடுகளில், எதிரே வருபவரின் கண் கூசாமலிருக்கக் காரின் தாழ்த்திய விளக்கை இடது ஓரத்துக்குச் சாய்த்தே அமைத்திருப்பார்கள். ஆகவே சாரதியின் வலப்பக்கத்திலிருந்து கடப்பவர் வெளிச்சம் குறைந்த பாதியால் வருகிறார்.

இதற்கு அறிவியல் ஒரு நல்ல வழி காட்டியிருக்கிறது. 1973இல் சுவீடன் உளவியலாளர் குன்னர் ஜோஹான்சன், ஆட்களின் மூட்டுகளில் சிறு வெளிச்சங்களைப் பொருத்தி இருட்டில் நடக்கவிட்டுப் படமெடுத்தார். திரையில் தெரிந்தவை சில புள்ளிகள் மட்டுமே. ஆனால் புள்ளிகள் அசைந்ததும் ஒரு செக்கனுக்குள் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள், ஒரு மனிதர் நடக்கிறார் என்று. நடையை அடையாளம் காண்பதில் நம் மூளை அவ்வளவு கெட்டி. அதனால்தான் வெளிச்சத்தைத் திருப்பும் பட்டியை நெஞ்சில் மட்டும் போடுவதைவிடக் கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டினால் சாரதிகள் தூரத்திலேயே ஆளைக் கண்டுகொள்கிறார்கள். பட்டி இல்லாவிட்டால் டோர்ச் லைட்டை உங்கள் காலடியில் அடித்துக்கொண்டு நடங்கள். நடைபாதை இல்லாத வீதியில் வலது ஓரமாக, வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். சாரதி உங்களைக் காணாவிட்டாலும் நீங்கள் வண்டியைக் காண்பீர்கள்.

பகலில் என்னை மிகவும் பதற வைப்பது பஸ். கண்டி வீதியில் பஸ் நிற்கும், இறங்கியவர் அதன் முன்பக்கத்தால் சுற்றி வந்து வீதியைக் கடப்பார். பஸ் ஒரு மதில். அதை முந்திக்கொண்டு வருபவருக்கு அந்த ஆளைத் தெரியாது, ஆளுக்கும் அவரைத் தெரியாது. மதிலின் விளிம்பைத் தாண்டி ஒரு மீற்றர் நடக்க 0.8 செக்கன். பிரேக்கில் கால் போகவே 1.5 செக்கன் வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் வருபவர் எவ்வளவு நல்ல சாரதியாக இருந்தாலும் பிரேக்கைத் தொடுமுன்பே அடித்துவிடுவார். இதில் பஸ் சாரதிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. "போங்க, போங்க" என்று அன்பாகக் கைகாட்டுவார்கள். அவர் தன் பஸ்ஸுக்குத்தான் பொறுப்புச் சொல்லலாம். பின்னால் வருபவர் அந்தக் கையைக் காண்பதில்லை. பஸ் போகும்வரை நின்றால் மதிலும் போய்விடும். அரை நிமிஷம்கூட ஆகாது.

போன் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2010இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், ஒற்றைச் சில்லு சைக்கிளில் ஒரு கோமாளியை ஓடவிட்டுப் பார்த்தார்கள். போனில் பேசிக்கொண்டு போனவர்களில் நால்வரில் ஒருவர்தான் அவரைக் கண்டிருந்தார். கண் திறந்தே இருந்தது.

மனிதர் பிழைவிடுவார்கள், அந்தப் பிழைக்கு உயிர் போகக்கூடாது, அதற்கேற்ப வீதியை அமைக்க வேண்டும் என்ற கொள்கையைச் சுவீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்றுக்கொண்டது. அது நம் கணக்கில் என்ன செய்யும் என்று பார்ப்போம். மஞ்சள் கடவையின் நடுவில், நின்று செல்ல ஒரு திட்டுக் கட்டினால் ஒரே மூச்சில் கடக்க வேண்டியது 7 மீற்றர் இல்லை, 3.5 மீற்றர். ஒரு பக்கத்து வண்டியை மட்டும் பார்த்தால் போதும். மேட்டுத் தடையோ சாரதியின் மனமோ வேகத்தை 30 கி.மீ.க்கு இறக்கினால், மோட்டார் சைக்கிளை நம் கண் 44 மீற்றரில் உணரும், வந்துசேர 5.3 செக்கன் இருக்கும். கார் 18 மீற்றருக்குள் நின்றுவிடும். நடப்பவர் போனைப் பையில் வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் பார்வையை நிறுத்திப் பார்த்தபின் காலை வைக்கிறார். செக்கனுக்கு 0.9 மீற்றர் நடக்கும் ஒரு ஆச்சி, கையில் மரக்கறிப் பையோடு, 4 செக்கனில் திட்டில் ஏறிவிடுவார். அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிள், பிரேக்கே பிடிக்காவிட்டாலும், இன்னும் 10 மீற்றருக்கு மேல் தள்ளி வந்துகொண்டிருக்கும்.