ரெட் ஹெர்ரிங்: பொருள், பிறப்பு, தமிழ்ச் சொல்

கேட்ட கேள்விக்கு விடை தராமல், அதோடு தொடர்பில்லாத வேறொன்றை நடுவே போட்டுக் கவனத்தை இழுத்துச் செல்வதை ஆங்கிலத்தில் 'ரெட் ஹெர்ரிங்' என்பார்கள். துப்பறியும் கதையில் வாசகரைத் தவறான ஆள்மேல் சந்தேகம் கொள்ள வைக்கும் தடயத்துக்கும் இதே பெயர்.

ஹெர்ரிங் வட அட்லாண்டிக் கடலில் கூட்டம் கூட்டமாகத் திரியும் மீன். நம் மத்திக்கு உறவு, ஆனால் மத்தி அல்ல. கொழுப்பு மிகுந்த மீன் என்பதால் பிடித்ததுமே கெடத் தொடங்கும். ஆகவே குளிர்பதனம் இல்லாத காலத்தில் உப்பும் புகையும்தான் வழி. குடலை நீக்காமல் முழு மீனையும் உப்பில் நன்றாக ஊறவைத்து, பல நாள் புகை போட்டால் மீன் இறுகிச் செம்பழுப்பாகும், நாற்றமும் கடுமையாக ஏறும். அதுதான் ரெட் ஹெர்ரிங். கிப்பர் என்பது வேறு: முதுகுப்பக்கம் பிளந்து, குடல் நீக்கி, குறைந்த நேரம் புகையிட்டது. இரண்டையும் ஒன்றாக்கும் விளக்கங்கள் நிறைய உலவுகின்றன. கிழக்கு இங்கிலாந்தின் கிரேட் யார்மத் துறைமுகம் ரெட் ஹெர்ரிங்குக்குப் பேர்போனது. 1599இல் தாமஸ் நாஷ் அந்த ஊரையும் அந்த மீனையும் புகழ்ந்து ஒரு நூலே எழுதினார்.

மீன் எப்படி மரபுத்தொடரானது? வேட்டைநாய்களைக் குழப்பக் குற்றவாளிகள் இதை வழியில் இழுத்துப் போட்டார்கள் என்ற கதைதான் பரவலாகச் சொல்லப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டு வேட்டைக் குறிப்புகள் சொல்வதோ நேர்மாறு. நாய்களோடு ஓடக் குதிரைகளைப் பழக்க, செத்த பூனையையோ நரியையோ தரையில் இழுத்து மணத்தடம் போடுவார்கள். அவை கிடைக்காதபோது ரெட் ஹெர்ரிங் கைகொடுத்தது. நாய்கள் அந்தத் தடத்தைப் பின்பற்ற வேண்டும் என்பதே நோக்கம், ஏமாற வேண்டும் என்பதல்ல.

ஏமாற்றும் பொருளைப் பரப்பியவர் இதழாளர் வில்லியம் காபெட். 1807 பிப்ரவரி 14 அன்று தம் 'பொலிட்டிகல் ரெஜிஸ்டர்' இதழில், சிறுவயதில் முயலைத் துரத்திய நாய்களை ரெட் ஹெர்ரிங்கால் திசைதிருப்பியதாக எழுதினார். நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற பொய்ச்செய்தியை நம்பி, உள்நாட்டுப் பிரச்சினைகளை விட்டுவிட்ட பத்திரிகைகளைச் சாடவே அவருக்கு இந்தக் கதை தேவைப்பட்டது.

தமிழில் ஒரே சொல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. விவாதத்தில் 'திசைதிருப்பல்' போதும், 'திசைதிருப்பு வாதம்' என்றால் இன்னும் தெளிவு. நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் 'மற்றொன்று விரித்தல்' இதற்கு மிக நெருக்கமானது. ஆனால் அது நூல் எழுதுபவர் எடுத்த பொருளை விட்டு விலகும் குற்றம், அதில் ஏமாற்றும் நோக்கம் இருக்க வேண்டியதில்லை. பேச்சில், 'பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்கிறான்' என்ற பழமொழியே போதும், அகராதி தேட வேண்டாம்.

கதைகளுக்குப் பலர் 'பொய்த் தடயம்' என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரெட் ஹெர்ரிங் பெரும்பாலும் உண்மைத் தகவல்தான், வழக்குக்குத்தான் அதனால் பயனில்லை. இறந்தவரோடு முந்தைய நாள் சண்டையிட்டவர் உண்மையிலேயே சண்டையிட்டிருப்பார், கொலையை மட்டும் அவர் செய்திருக்க மாட்டார். 'திசைதிருப்பும் தடயம்' என்பதே சரி. புனைந்து வைத்த சாட்சியத்துக்குப் 'பொய்த் தடயம்' இருக்கட்டும். விவாதத்தில் எதிராளி சொல்லாததைச் சொன்னதாகத் திரித்துத் தாக்குவதும் ரெட் ஹெர்ரிங்கில் சேராது. அங்கே பேசுபொருள் மாறுவதில்லை, எதிராளியின் கருத்துதான் உருமாறுகிறது.

பங்குச்சந்தைச் செய்திகளில் வரும் 'ரெட் ஹெர்ரிங் பிராஸ்பெக்டஸ்' முற்றிலும் வேறு. பிராஸ்பெக்டஸ் என்பது பங்கு விற்கும் நிறுவனம் முதலீட்டாளர்களுக்குத் தரும் தகவலறிக்கை. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. பங்கு வெளியீட்டின் பதிவு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்ற எச்சரிக்கையை முகப்பில் சிவப்பு மையில் அச்சிட்ட அமெரிக்க வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 32, பங்குகளின் அளவோ விலையோ முழுமையாகக் குறிக்கப்படாத தகவலறிக்கை என்று அதை வரையறுக்கிறது. விண்ணப்பங்கள் பெறத் தொடங்குவதற்குக் குறைந்தது 3 நாள் முன்பே அதைக் கம்பெனிகள் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். 'விலை முடிவாகாத தகவலறிக்கை' என்று எழுதினால் முதலீட்டாளருக்கு விளங்கும். பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியிடம் முதலில் தரப்படும் வரைவு இதற்கு முந்தைய படி, அதைக் குறிக்க இதே பெயருக்கு முன்னால் 'வரைவு' சேர்த்தால் போதும்.