சத்தம் கேட்கும், ஆள் தெரியாது

விடியற்காலையில் மானாவாரிக் காட்டுப் பக்கம் போனால் கௌதாரி கத்துவது காதைத் துளைக்கும். தேடினால் ஒன்றும் கண்ணில் படாது. இன்னும் பத்தடி வைத்தால் காலடியிலிருந்தே 'விர்ர்ர்' என்று நான்கைந்து எழும்பும்; நமக்கு நெஞ்சு பதறிவிடும். எழும்பியவை வெகுதூரம் போகாது. தாழ்வாகவே பறந்து, வரப்பைத் தாண்டி இறங்கி, புதருக்குள் ஓடிவிடும்.

சிறகு இருந்தும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்? கறிக்கடையில் பார்த்திருப்பீர்கள், கோழியின் நெஞ்சுக்கறி வெளுத்தும் தொடைக்கறி சற்றுச் சிவந்தும் இருக்கும். சிவந்த தசை ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜனை வாங்கி வாங்கி நெடுநேரம் உழைக்கும். வெளுத்த தசை அப்படியல்ல. தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை, ஆக்ஸிஜனுக்குக் காத்திராமல், மளமளவென்று உடைத்துச் செலவழித்துவிடும். வேகம் அபாரம், களைப்பும் அதே வேகத்தில் வரும். தொலைதூரம் பறக்கும் புறாவின் நெஞ்சுக்கறி கருஞ்சிவப்பாக இருப்பதோடு ஒப்பிட்டால் விஷயம் புரியும். கௌதாரி கோழிக் குடும்பத்துப் பறவை. அதன் குட்டையான, வட்டச் சிறகும் நின்ற இடத்திலிருந்து சட்டென்று மேலெழத்தான் தோது. ஆகவே முதலில் அசையாமல் பதுங்கும், அப்புறம் ஓடும், வேறு வழியே இல்லாதபோதுதான் பறக்கும்.

பதுங்குவதற்கு உடம்பே உதவுகிறது. சாம்பலும் பழுப்புமாக உடலெங்கும் மெல்லிய குறுக்குக் கோடுகள். காய்ந்த புல்லுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டால் பறவை எங்கே முடிகிறது, புல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஆணின் காலில் இருக்கும் முள்தான் அடையாளம்.

இதற்கு அடர்காடு வேண்டாம். முள்புதர், புஞ்சை, தரிசு, ஆங்காங்கே வெறுந்தரை இருந்தால் போதும். தானியமும் புல்விதையும் கரையானும் வண்டும் தின்னும். முட்டையைத் தரையில் புதரடியில் இடும். குஞ்சுகள் பொரித்த கொஞ்ச நேரத்திலேயே தாயின் பின்னால் ஓடத் தொடங்கிவிடும். பகலெல்லாம் தரையில் திரிந்தாலும் இரவில் தாழ்ந்த முள்மரங்களில் கூட்டமாக அடையும். ஈரானின் தென்பகுதி முதல் இலங்கையின் வறண்ட வடமேற்குக் கரை வரை இப்படித்தான் வாழ்கிறது. 1789-இல் ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் க்மெலின் இதற்கு வைத்த அறிவியல் பெயரில் நம் புதுச்சேரி ஒட்டிக்கொண்டிருக்கிறது: பாண்டிசேரியானுஸ்.

சரி, இவ்வளவு கூச்சப்படும் பறவை ஏன் ஊரைக் கூட்டுவது போலக் கத்துகிறது? புதர்க்காட்டில் ஒன்றையொன்று பார்க்க முடியாது. 'இது என் இடம்' என்று அடுத்த சேவலுக்குச் சொல்ல, மறைவை விட்டு வெளியே வராமல் இருக்க, குரல்தான் வசதி. புதர் கண்ணை மறைக்கும், சத்தத்தை அவ்வளவாக மறைக்காது.

வேட்டைக்காரர்கள் கைவைத்ததும் அந்தக் குரலில்தான். பழக்கிய கௌதாரியைக் கூண்டோடு வைத்துக் கத்த விடுவார்கள். இப்படி இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்க வளர்க்கும் விலங்குக்குப் பழந்தமிழில் 'பார்வை' என்று பெயர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் இந்த வேட்டை குற்றம். கூண்டிலிருந்து வரும் குரலைக் கேட்டதும், தன் எல்லைக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று காட்டுச் சேவல் சண்டைக்கு வரும். அப்போதும் பறந்து வராது, ஓடித்தான் வரும். கண்ணியைக் கூண்டைச் சுற்றித் தரையில், கால் படும் உயரத்தில் விரித்திருப்பார்கள்.